அய்யனார் முதுகுப் பக்கம்

நயினார்கோவில் நாகநாத சாமியை மனதில் வைத்துக்கொண்டு எழுத உட்காருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். காவல் வேலை பார்த்தவன். இவ்வளவு நீளத்துக்குப் பேனா பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னவர் கேமரா மாட்ட வந்தவர். நயினார்கோவிலுக்குக் கிழக்கே, நான் இருபது வருசம் காவல் பார்த்த மரத்தோப்பில் இந்தத் தை மாதம் மரவெட்டு முடிந்துவிட்டது. அடுத்த கன்று வைப்பதற்கு முன்னால் வேலி ஓரமாகத் தூண் நட்டுக் கேமரா வைக்கிறார்கள். பன்றி, மான், முயல் எது உள்ளே வந்தாலும் மதுரையில் இருக்கிற முதலாளி போனுக்குப் படம் போய்விடுமாம். நான் ஓய்வு பெற்று மூன்று வருசம் ஆகிறது. கால் சும்மா இருக்காமல் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

ஏணியில் நின்றபடியே அவர் கேட்டார். "அண்ணாச்சி, இது ஒண்ணுமே இல்லாம இருபது வருசம் எப்படிப் பார்த்தீங்க?"

"மண்ணப் பார்த்தேன் தம்பி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "எழுதிக் குடுங்க, எங்க விவசாயிகள் சங்கத்துப் புத்தகத்துல போடச் சொல்றேன்" என்றார். அதனால்தான் இது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அபிராமம் பக்கம் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கருவையை வெட்டி அடுக்கி, மண் பூசிப் புகைய விடுகிற வேலை. இருமல் வந்து நெஞ்சு அடைத்ததால் அதை விட்டேன். முதலாளி மகாகனி வைக்கப் போகிறார், காவலுக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருசத்தில் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான்: முயல் கன்றைக் கத்தியால் வெட்டின மாதிரி சாய்வாகக் கடிக்கும். வைத்த கன்றில் பாதி அப்படிப் போனது. மீதிக்கு உடைமுள்ளைச் சுற்றிக் கட்டிக் காப்பாற்றினேன். அந்தக் கீறல்கள் இன்னும் என் முழங்கையில் இருக்கின்றன.

தோப்பின் கிழக்கு ஓரத்தில் ஓர் அய்யனார் இருக்கிறார். கூரை கிடையாது. ஒரு பீடம், இரண்டு பக்கமும் ஆள் உயர மண்குதிரை. சாமி கிழக்கே பார்த்திருப்பார், முதுகுப் பக்கம் தோப்பு. தினமும் காலையில் முன்னால் நின்று விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அப்படியே தலையைத் தூக்கினால், குதிரைத் தலைக்கு மேலே தூரத்தில் நயினார்கோவில் கோபுரம் தெரியும். ஒரே கும்பிடு, இரண்டு சாமிக்கும் போய்ச் சேரும். அப்போது மரமெல்லாம் இடுப்பு உயரம்.

மூன்றாம் வருசம்தான் மேனேஜர் ஜொஹராம்மா வந்தார். திருப்பாலைக்குடிக்காரர், மீன்பிடிக்கிறவர் மகள். மரம் வளர்ப்புப் படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். தலையில் முக்காடு, மூக்குக்கண்ணாடி, ஒரு பழைய ஸ்கூட்டர். முதல் நாள் முழுக்கத் தோப்பைச் சுற்றி வந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ராத்திரி எது வந்துச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீங்க?"

"காலையில வந்து எது போச்சுன்னு பார்ப்பேம்மா. அத வச்சு எது வந்துச்சுன்னு தெரியும்."

"மரம் போனப்புறமா?"

எங்கள் மண் கரிசல். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் காலில் ஒட்டும். தடம் நிற்காது. மறுவாரம் நாலு டிராக்டர் ஓடை மணல் வந்து இறங்கியது. வேலிக்கு உள்பக்கமாகத் தோப்பைச் சுற்றிலும் ஆறடி அகலத்துக்குப் பரப்பச் சொன்னார். "எங்க கரையில நண்டு எந்தப் பக்கம் போச்சுன்னு சின்னப்புள்ளயே சொல்லும்ணே. மணல் பொய் சொல்லாது" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகுமுன் ஒரு முள்கட்டில் கல்லைக் கட்டி மணல்மேல் இழுத்துக்கொண்டே ஒரு சுற்று வருவேன். மணல் வகிடு எடுத்த தலை மாதிரி ஆகிவிடும். காலையில் வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும். சூரியனைப் பார்த்து நடந்தால்தான் தடத்தின் பள்ளத்தில் நிழல் விழும், வெயிலை முதுகுக்கு விட்டு நடந்தால் ஒன்றும் தெரியாது. பன்றிக்கு இரண்டு குளம்பு, பின்னால் இரண்டு புள்ளி. மானுக்கு அந்தப் புள்ளி இருக்காது. முள்ளம்பன்றிக்குக் கைக்குழந்தையின் உள்ளங்கால் மாதிரி, கூடவே தென்னமாற்றை, அதாவது ஈர்க்கு விளக்குமாற்றை, இழுத்தது போலக் கோடு. என் வீட்டுக்காரி முத்துலட்சுமி, "மண்ணக் கூட்டுறதுக்கு ஒரு சம்பளம், அதப் பாக்குறதுக்கு ஒரு சம்பளமா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

ஆறரை மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். ஜொஹராம்மா கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"என்ன பார்த்தீங்கண்ணே?"

"தெக்க மூலையில பன்னி வந்திருக்கும்மா" என்று ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். "அது நீங்க நினைச்சது. பார்த்தது என்ன?"

"ரெண்டு குளம்பு, பின்னால புள்ளி. தெக்கேர்ந்து வடக்க. நாலு."

"ஈரமா, காய்ஞ்சதா?"

"ஓரம் உதிரலம்மா."

"சரி. இப்ப நினைச்சதச் சொல்லுங்க."

இப்படி ஒருவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தால் கண் தானாகத் திறந்துவிடுகிறது. அதுவரை என்னிடம் யாரும் நான் பார்த்ததைக் கேட்டதில்லை. போனதையும் வந்ததையும்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கோடையில் பன்றிகள் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் கடித்துப் போட்டன. அவர் தடத்தை எண்ணிவிட்டு, வேலிக்கு வெளியே ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி அதற்கு ஒரு குழாய் விட்டார். "தாகத்துக்கு வாறத அடிச்சா அல்லா கேப்பான்ணே. தண்ணிய வெளிய குடுத்துட்டா உள்ள எதுக்கு வருது?" என்றார். குழாய்க்கடி முக்கால்வாசி நின்றது. மதுரையிலிருந்து முதலாளி போனில் சிரித்தாராம், பன்றிக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த மேனேஜர் என்று.

ஏழாம் வருசம் என்று நினைக்கிறேன், ஒரு நாள் விளக்கேற்றிவிட்டுத் தலையைத் தூக்கினால் கோபுரத்தைக் காணோம். மரம் மறைத்துவிட்டது. எனக்குச் சந்தோசம், கொஞ்சம் பயமும். ஜொஹராம்மாவிடம் சொன்னேன்.

"அய்யோ, உங்க சாமி கோபுரத்த என் மரம் மறைச்சிருச்சே. கோவிச்சுக்குவாராண்ணே?"

"அவரே மறைஞ்சு நின்னு பாக்குறவர்தானம்மா."

அன்று இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம். அதுதான் அந்தத் தோப்பின் நல்ல நாள் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

மறு கார்த்திகையில் வினை வந்தது. நடுத்தோப்பில் ஒரு மரத்தின் அடியில் பட்டை உரிந்து வெள்ளையாக நின்றது. மறுநாள் இன்னொன்று. பட்டையைச் சுற்றிலும் மோதிரம் மாதிரி உரித்துவிட்டால் மரம் பிழைக்காது. ஒரு கை அகலம் மிச்சம் இருந்தாலும் பிழைக்கும். புற்றுமண்ணும் பசுஞ்சாணியும் வேப்பெண்ணெயும் குழைத்துக் காயத்தில் அப்பி, நனைத்த சாக்கைச் சுற்றிக் கட்டுவோம். கட்டக் கட்ட வேறு மரம் உரிந்தது. ஆனால் மணலில் தடம் இல்லை. ஒரு காலடி இல்லை.

முதலாளியின் மருமகன் வந்து பார்த்தார். நாங்கள் மாப்பிள்ளை சார் என்போம். "மருந்துக்குப் பட்டை உரிக்கிற ஆளு எவனோ வாறான். இல்லன்னா விறகு பொறுக்குற பொம்பளைங்க" என்றார். ஜொஹராம்மா குந்தி உட்கார்ந்து ஒரு தீக்குச்சியைக் காயத்தில் வைத்துக் காட்டினார். உளி போட்டது போல இரட்டைக் கோடு. "இது பல்லு சார். முள்ளம்பன்றி."

"எதுவா இருந்தா என்ன? சுத்தி ஒயரக் கட்டிக் கரண்ட விடுங்க. சாயங்காலம் போட்டு விடிய ஆஃப் பண்ணிறலாம். எல்லாத் தோட்டத்துலயும் பண்றான்."

"சட்டப்படி தப்பு சார். அதோட, ஒயருக்கு முள்ளம்பன்றி எது மனுசன் எதுன்னு தெரியாது."

"பொங்கலுக்குள்ள இது நிக்கணும். இல்லன்னா நான் ஆள் கூட்டிட்டு வருவேன். நீங்க அப்புறம் வர வேண்டியதில்ல."

அவர் போன பிறகு வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வேலி ஓரத்து வரப்பில்தான் முத்துலட்சுமி விடியற்காலையில் ஆட்டுக்குப் புல் அறுப்பாள். அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள். விடிய ஆஃப் பண்ண ஒருநாள் மறந்தால் போதும்.

ஜொஹராம்மா யோசித்துச் சொன்னார். "வெளியேர்ந்து வரலண்ணே. மணலத் தாண்டாம வர முடியாது. உள்ளயே குடியிருக்கு. வளையத் தேடுவோம்." வரிசை வரிசையாக, மரம் மரமாகத் தேடினோம். புதர், புற்று, பழைய கிணற்று மேடு, எதையும் விடவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் ஓரிடம்தான் பாக்கி: அய்யனாரின் முதுகுப் பக்கம். உடைந்த பழைய குதிரைகளை அங்கேதான் போட்டு வைப்பார்கள். அதன்மேல் காரைச்செடியும் சங்கமுள்ளும் ஏறிக் கிடக்கும்.

சாமிக்குப் பின்னால் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அத்தனை வருசம் அந்த இடத்தை எட்டி நின்றுகூடப் பார்த்ததில்லை. முன்பக்கம் கூட்டுவேன், பக்கவாட்டில் கூட்டுவேன், பீடத்தோடு விளக்குமாறு நின்றுவிடும்.

ஜொஹராம்மா அந்தப் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி கேட்டார். "அங்கன நீங்க பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவரோடு வேலை பார்த்த காலத்தில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமி முன்னால் கூட்டும்போது விளக்குமாற்றில் ஒரு முள் மாட்டியது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு சாண் நீளம். எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். சொன்னால் கடப்பாரையோடு வந்து சாமி இடத்தைத் தோண்டுவார்கள் என்று பயம். சொல்லாவிட்டால் ஒயர் வரும் என்றும் பயம். வீட்டில் கந்தர் படத்துக்குப் பின்னால் அந்த முள்ளை ஒளித்து வைத்தேன். தினமும் திருநீறு பூசும்போது முள் என்னைப் பார்க்கும். மார்கழி பாதிக்கு மேல் அப்படியே போனது. தினமும் காலையில், "என்ன பார்த்தீங்கண்ணே?" என்பார். "தடம் இல்லம்மா" என்பேன். அது பொய் இல்லைதானே என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். அதற்குள் பதினாலு மரம் உரிந்துவிட்டது.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு வேன் வந்தது. மாப்பிள்ளை சார் ஒயர்ச் சுருள்களை இறக்கி வைத்துவிட்டு, நாளைக்கு எலெக்ட்ரீசியன் வருவார் என்று சொல்லிப் போனார். வரப்பில் முத்துலட்சுமி புல்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு, "என்ன கல்யாணத்துக்கு லைட்டு கட்டப் போறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் வேலிக்கம்பியில் ஒரு கையை வைத்தபடி நின்றுதான் அதைக் கேட்டாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் முள்ளை எடுத்து வந்து ஜொஹராம்மா முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றுதான் எழுத வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றி முக்காட்டு நுனியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீங்க அன்னைக்குப் பார்க்கலன்னு எனக்குத் தெரியும்ணே. அந்த முள்ளுக்குள்ள போய்ட்டு வந்தா வேட்டி கிழியாம இருக்குமா? உங்க வேட்டியப் பார்த்தேன்."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"உங்க சாமி இடம். நீங்களே போகாத இடத்துக்குப் போங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? மரியாதைன்னு நினைச்சேன்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நினைச்சேன், பாருங்க. பார்த்தத விட்டுட்டேன். இந்தப் பதினாலுல பாதி என் கணக்குண்ணே."

மறுநாள் காலையில் ஊரிலிருந்து வேளாரை அழைத்து வந்தேன். மண்குதிரை செய்கிறவரும் அவர்தான், அய்யனாருக்குப் பூசை வைக்கிறவரும் அவர்தான். எழுபது வயதிருக்கும். விசயத்தைக் கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். 

"ஏலே முருகேசா, குதிரைய வைக்கிறப்ப நாங்க பின்னால போகாம எப்படிலே நிமுத்துவோம்? ஆகாசத்துல நின்னா?"

"போகக் கூடாதுன்னு சொல்லுவாகளே சாமி."

"சொல்லாமப் போகக் கூடாது. அடுத்தவன் வீட்டுக் கொல்லைக்குப் போறப்ப குரல் குடுக்க மாட்ட? செருப்பக் கழட்டு. போறேன்னு சொல்லு. போ."

அவ்வளவுதான். இத்தனை வருசமாக நான் கேட்டுப் பார்க்காத கேள்விக்கு அவ்வளவுதான் பதில். ஜொஹராம்மா பத்தடி தள்ளி நின்றார். அவரும் செருப்பைக் கழற்றியிருந்தார். "நான் இங்கனயே நிக்கிறேன். நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க."

"அய்யனாரே, போறேன்" என்று சொல்லிவிட்டு நுழைந்தேன். முள் வேட்டியைக் கிழித்தது. உடைந்த குதிரை ஒன்று குப்புறக் கிடந்தது, அதன் வயிற்றுக்கு அடியில் வளை. வாயில் புதுமண். அங்கிருந்து நேராகத் தோப்புக்குள் ஒற்றையடித் தடம், குழந்தைக் கால், தென்னமாற்றுக் கோடு. வந்து சொன்னேன். பார்த்ததை மட்டும் சொன்னேன்.

எலெக்ட்ரீசியனோடு வந்த மாப்பிள்ளை சாரை ஜொஹராம்மா வாசலிலேயே மறித்தார். "மூணு காலை குடுங்க சார். நாலாவது காலையில ஒரு மரம் உரிஞ்சிருந்தாலும் நானே வேலைய விட்டுப் போறேன்." மாப்பிள்ளை சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வளையைப் போய்ப் பார்த்தார், செருப்போடு. வேளார் ஒரு அதட்டு அதட்டியதும் கழற்றினார். சரி என்று போனார்.

காட்டிலாகாவுக்குச் சொன்னோம், அவர்கள் கூண்டு கொண்டுவந்து வளைவாயில் வைத்தார்கள். உள்ளே தேங்காய்க் கீற்றும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். தோண்டவில்லை, கடப்பாரை வரவில்லை. முதல் காலை கூண்டு காலி. ஜொஹராம்மா டீ குடிக்கவில்லை. இரண்டாம் காலை ஒன்று இருந்தது, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போட்டது. மூன்றாம் காலை அதன் ஜோடி. இரண்டையும் கொண்டுபோய்க் காட்டில் விட்டதாகச் சொன்னார்கள். நாலாம் காலை பொங்கல். விடியுமுன் நானும் ஜொஹராம்மாவும் வரிசை வரிசையாக எல்லா மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். புதுப்பல் ஒன்றும் இல்லை. முத்துலட்சுமி தோப்பு வாசலிலேயே பொங்கல் வைத்தாள். ஒயர் வந்த வேனிலேயே திரும்பிப் போனது.

அந்தப் பதினாலில் எட்டு மரம் பட்டுப்போயின. ஆறு பிழைத்தன. சாமி முதுகுப் பக்கத்துக்குக் கிட்டத்தில் நிற்கிற ஆறு.

பிறகு ரொம்ப வருசம் நல்லபடியாகத்தான் ஓடியது. அவருடைய அத்தா, அந்த மீன்பிடிக்கிறவர், படுக்கையில் விழுந்ததும் ஜொஹராம்மா வேலையை விட்டுப் போனார். இப்போது மேற்கே, கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். அவருக்குப் பின் வந்த மேனேஜர்கள் நல்லவர்கள்தான். "எல்லாம் ஓகேயா?" என்று கேட்பார்கள். ஓகே என்பேன். ஓய்வு பெறுகிற நாள் வரை சாயங்காலம் மணலை இழுத்தேன். காலையில் பார்த்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அய்யனாரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

வெட்டுவதற்குத்தான் வைத்த மரம். அது எனக்குத் தெரியும். முதலாளி மேல் ஒரு குறையும் இல்லை. வியாபாரி வந்து அளந்து, நம்பர் போட்டு, லாரி லாரியாக ஏற்றினார். அந்த ஆறு மரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டார். "காயம்பட்ட அடி, பலகைக்கு ஆகாது" என்றாராம். அதனால் அவை நிற்கின்றன. நான் வாய் திறக்காததால் கடிபட்ட மரங்கள்தான் இன்று மிச்சம்.

கேமராக்காரர் போன மறுநாள் காலையில் தனியாகப் போனேன். விளக்கேற்றினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "போறேன்" என்று சொல்லிவிட்டு அய்யனாரின் முதுகுப் பக்கம் போனேன். குப்புறக் கிடந்த குதிரை இன்னும் மண்ணில் பாதி புதைந்து அங்கேயே இருக்கிறது. வளைவாயில் புதுமண் கிடந்தது.

முத்துலட்சுமியின் போனை வாங்கிப் போயிருந்தேன். அங்கே நின்றே ஜொஹராம்மாவுக்குப் போட்டேன். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பேசுவதுதான்.

"அஸ்ஸலா... அண்ணே, நீங்களா! வீட்டுல நல்லா இருக்காகளா? எங்கன நிக்கிறீங்க, காத்துச் சத்தம் கேக்குது?"

"சாமிக்குப் பின்னாலம்மா."

அந்தக் கேள்வி வந்தது. காது குளிர்ந்தது எனக்கு.

"என்ன பார்த்தீங்கண்ணே?"

"வளைவாயில புதுமண்ணு. ஓரம் உதிரல. குழந்தைக் காலு மாதிரி தடம், உள்ள போயிருக்கு, வெளிய வரல. கோடு இருக்கு. ஒண்ணுதான்னு... இல்ல, அது நினைச்சது. ஒரு தடம்தான் பார்த்தேன்."

"மரத்துல?"

"ஆறுலயும் பழைய காயம் மூடி உதடு கூடிருச்சும்மா. புதுசா பல்லு படல."

"அல்ஹம்துலில்லாஹ்." கொஞ்சம் பொறுத்து, "வேற என்ன பார்த்தீங்கண்ணே?" என்றார்.

தலையைத் தூக்கினேன். முன்னால் ஒன்றும் இல்லை. அடிக்கட்டைகள் மட்டும், வரிசை வரிசையாக. அந்தக் கடைசியில், வானத்தை ஒட்டி, அத்தனை வருசம் கழித்து முழுசாக.

"கோபுரம் தெரியுதும்மா" என்றேன்.

கும்பிட வேண்டும்தான். ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை அந்த ஆறில் ஒரு மரத்தின் காயத்து மேல் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. சாமி பொறுத்துக்கொள்ளட்டும்.